வெதுநீரில் தூண்டில்



பினாங்கில் தூண்டில் என்றாலே நமக்குக் கடல்தான் நினைவுக்கு வரும். ஜார்ஜ் டவுனில் மாலை வேளையில் கடற்கரைச் சுவரோரம் கோலும் கையுமாக நிற்பவர்களைப் பார்க்காதவர் யார்? இன்று நாம் பேசப்போவது கடல் மீனைப் பற்றியல்ல. குளத்து மீனைப் பற்றி. ஈயக் குட்டைகள், தோட்டத்து வாய்க்கால்கள், வயற்காட்டுப் பள்ளங்கள், காசு கட்டித் தூண்டில் போடும் குளங்கள் ஆகியவற்றில் கிடைக்கும் சிறு மீன்களையும் கெளுத்தியையும் பற்றி.

ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங், புக்கிட் மெர்தாஜாமுக்கு அருகேயுள்ள மெங்குவாங் ஆகிய அணைகளின் நீர் குடிநீர். அங்கே கோலை நீட்டுவதற்கு முன்பு அறிவிப்புப் பலகையைப் படித்துவிட வேண்டும்.

அமெரிக்காவில் முழு மீனாகவே வாணலியில் போட்டு வறுக்கத்தக்க சிறு மீன்களுக்கெல்லாம் 'வாணலி மீன்' என்று பொதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்து வாணலி மீன்கள் மூன்று: மலாய்க்காரர் புயு என்று சொல்லும் பனையேறி, செப்பாட், திலாப்பியா. இவற்றோடு கெலி என்ற கெளுத்தியையும் சேர்த்துக்கொள்வோம். இந்த நான்கும் எந்த அழுக்குக் குட்டையிலும் எப்படிப் பிழைக்கின்றன? இதைத் தெரிந்துகொண்டால் தூண்டில் வித்தையில் பாதி வந்துவிடும்.

விஷயம் மூச்சில் இருக்கிறது. நீர் சூடாக ஆக, அதில் கரையும் பிராணவாயு குறைகிறது. பத்து டிகிரி செல்சியஸ் குளிர்ந்த நீர் ஒரு லிட்டரில் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயு கரையலாம். நம் குளத்து நீரைப் போல் முப்பது டிகிரி என்றால் ஏழரை மில்லிகிராம்தான். சூட்டில் மீனுக்கோ மூச்சின் தேவை கூடுகிறது. வரவு குறைந்து செலவு கூடிய குடும்பம் போலத்தான். போதாக்குறைக்கு, பகலில் பிராணவாயுவை வெளியிடும் பாசியும் கொடியும் இரவில் தாமே அதை உட்கொள்கின்றன. ஆகவே குளத்து நீர் மிகவும் மூச்சுத் திணறும் நேரம் விடியலுக்குச் சற்று முன்புதான்.

இந்த நெருக்கடியைச் சமாளிக்கப் பனையேறி, செப்பாட், கெளுத்தி மூன்றும் மேலே வந்து காற்றையே விழுங்கக் கற்றிருக்கின்றன. பனையேறிக்கும் செப்பாட்டுக்கும் தலைக்குள்ளே மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு உண்டு. கெளுத்திக்கோ செவுளுக்கு மேலே சிறு மரம் கிளைத்தது போன்ற உறுப்பு. மேலே வர விடாமல் தடுத்துவிட்டால் பனையேறி நீருக்குள்ளேயே மூச்சடைத்து இறந்துவிடும். மீன் நீரில் மூழ்கிச் சாவது என்றால் வேடிக்கைதான்! 1791இல் தரங்கம்பாடிக்கு அருகே பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த ஒரு மீனைப் பிடித்ததாக டால்டோர்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதிவைத்தார். மரம் ஏறுவதைப் பலர் நம்புவதில்லை. ஆனால் மழை நாளில் செவுள் மூடியின் முட்களை ஊன்றி இது தரையில் நகர்ந்து போவது உண்மை.

திலாப்பியா வேறு கதை. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மீன், ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஜாவாவிலிருந்து மலாயாவுக்கு வந்தது. அதனால் 'ஜப்பான் மீன்' என்றே பெயர் பெற்றது. தமிழ்நாட்டுக்கு 1952இல் இலங்கை வழியாக மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே ஜிலேபிக் கெண்டை ஆயிற்று. இது காற்றை விழுங்குவதில்லை. மூச்சு முட்டினால் நீரின் மேற்பரப்பை உரசிக்கொண்டு, காற்றோடு ஒட்டிய மெல்லிய படலத்து நீரைச் செவுளில் செலுத்திக்கொள்கிறது. விடியற்காலையில் குளம் முழுக்க வாய்கள் திறந்து மூடுவதைப் பார்த்து, "ஆகா, மீன் பசியோடு இருக்கிறது" என்று அவசரமாக இரையை வீசுபவர்கள் உண்டு. அது பசியல்ல, மூச்சுத் திணறல். அப்போது எந்த இரையும் எடுபடாது. வெயில் ஏறட்டும், எட்டு மணிக்கு மேல் போடுங்கள்.

திலாப்பியாவுக்கு ரொட்டியைப் பிசைந்த மாவு போதும். தங்கூசி என்கிறோமே, அந்த நைலான் நரம்பு மெல்லியதாகவும், தக்கை சிறியதாகவும் இருக்க வேண்டும். செப்பாட்டின் வாய் மிகச் சிறியது. ஆக அளவில் சிறிய முள்ளில் மண்புழுத் துண்டு. பனையேறிக்கு முழு மண்புழு. கெளுத்திக்குக் கண் சிறியது. மீசையே அதன் நாக்கும் மூக்கும். அதனால் கலங்கிய நீரும் இருட்டும் அதற்கு ஒரு பொருட்டல்ல. பொழுது சாய்ந்த பிறகு ஈயக் குண்டு கட்டி, கோழிக் குடலையோ ஈரலையோ அடியில் கிடத்திப் பொறுமையாக இருந்தால் வரும். இடி இடித்தால் மட்டும் பொறுமை வேண்டாம்! இக்காலத்துக் கரிம இழைக் கோல்கள் மின்சாரத்தைக் கடத்துபவை. உடனே சுருட்டிக்கொண்டு புறப்பட்டுவிட வேண்டும்.

கெளுத்தியை முள்ளிலிருந்து கழற்றும்போதுதான் பலர் கையைக் குத்திக்கொள்கிறார்கள். மார்புத் துடுப்பு இரண்டின் முன்னும் அரம் போன்ற ஒரு முள் இருக்கிறது. தலைக்குப் பின்னால், அந்த முட்களுக்குப் பின்புறமாக விரல்களை வைத்துப் பிடிக்க வேண்டும். குத்திவிட்டால், தோல் வேகாத அளவுக்கு, ஏறத்தாழ 45 டிகிரிச் சூடுள்ள நீரில் அரை மணி நேரமாவது கையை அமிழ்த்தி வையுங்கள், வலி குறையும். சூட்டைக் குத்தாத கையால் பார்த்துக்கொள்ளுங்கள். முள் முறிந்து உள்ளே நின்றாலும், வீக்கம் ஏறினாலும் மருத்துவரிடம் போக வேண்டும். தசைவிறைப்பு ஊசி போட்டுக்கொள்வதும் அவசியம்.

இப்போது ஒரு வேண்டுகோள். சந்தையிலும் காசுக் குளத்திலும் நாம் பெரும்பாலும் காணும் பெரிய கெளுத்தி நம்மூர்க் கெலியல்ல. 1980களில் வந்த ஆப்பிரிக்கக் கெளுத்தி அது. ஒரு மீட்டருக்கு மேலும் வளரும், கிடைத்ததையெல்லாம் விழுங்கும். காற்றை விழுங்கும் திறமை அதற்கும் உண்டு. அந்தத் திறமைதான் ஆபத்து. வேறு அந்நிய மீன்களை அழுக்கு நீராவது தடுத்து நிறுத்தும். இதை எதுவும் தடுப்பதில்லை. இந்தியாவில் இதை வளர்க்கத் தடை விதித்திருக்கிறார்கள். புண்ணியம் கருதிச் சந்தையில் உயிருள்ள மீனை வாங்கி ஆற்றில் விடுவோர் பினாங்கில் உண்டு. தொட்டி மீன் பெருத்துவிட்டதென்று வாய்க்காலில் கொட்டுவோரும் உண்டு. அவர்கள் மனத்தில் கெடுதல் இல்லை. ஆனால் அப்படி விட்ட ஒரு கெளுத்திக்கு எத்தனை செப்பாட்டுக் குஞ்சும் பனையேறிக் குஞ்சும் இரையாகின்றன என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. பிடித்த ஆப்பிரிக்கக் கெளுத்தியை வேறு நீரில் விடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துவிடுங்கள்.

அந்நிய மீன் எல்லாமே கேடு என்று நாம் சொல்லவில்லை. உலக மீன் மையம் 2000ஆம் ஆண்டு முதல் பினாங்கைத் தலைமையகமாகக் கொண்டது. 1988இல் பிலிப்பைன்ஸில் தொடங்கி, எகிப்து, கானா, கென்யா, செனகல் நாட்டு நைல் திலாப்பியாக்களைக் கலந்து, வேகமாக வளரும் ஓர் இனத்தை அதன் அறிஞர்கள் உருவாக்கினார்கள். அங்கே பணியாற்றிய ஆந்திரத்து மொடடுகு விஜய் குப்தா, ஏழைக் குடும்பங்கள் சாலையோரப் பள்ளத்திலும் மழைக்காலக் குட்டையிலும் மீன் வளர்க்க வழிகாட்டியதற்காக 2005இல் உலக உணவுப் பரிசைப் பெற்றார். ஆனால் அவையெல்லாம் கரை கட்டிய, காவலுள்ள குளங்களுக்கு உரியவை.

கடைசியாக, சமையல். குளத்து மீனில் சேற்று வாடை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அது சேறு அல்ல. பாசியும் நுண்ணுயிர்களும் உண்டாக்கும் ஒரு பொருளின் வாடை. புளிப்பு பட்டால் அது சிதைந்துபோகும். ஆகவே உப்பும் புளியும் போட்டுக் கழுவி, புளிக் கரைசலில் சற்று நேரம் ஊறவைத்துக் குழம்பு வைத்த நம் பாட்டிமார் எந்த ஆராய்ச்சிக் கூடத்தையும் பார்த்ததில்லை. வாடை மட்டும் போயிருந்தது.