ஆங்கில ஆசிரியருக்கு ஒரு சங்கம் எதற்கு?

(இரும்புலியூரில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டத்தில் அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“ஆங்கில ஆசிரியர் சங்கம் பற்றிப் பேசப் போகிறேன்” என்று நேற்று ஆசிரியர் அறையில் சொன்னேன். உடனே ஒரு சக ஆசிரியை, “அது எந்தச் சங்கம்ப்பா? மாறுதல் கலந்தாய்வுக்கு உதவுமா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அவர் கேட்டதில் தவறில்லை. சங்கம் என்றாலே நமக்கு ஊதியம், பதவி உயர்வு, ஓய்வூதியம்தான் நினைவுக்கு வரும். அந்தச் சங்கங்கள் போராடிப் பெற்றவற்றைத்தான் நாம் இன்று அனுபவிக்கிறோம். நான் சொல்ல வந்தது இன்னொரு வகைச் சங்கம். நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்று பாடம் நடத்துகிறோமே, அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றி மட்டும் பேசுவதற்கான சங்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பில் எனக்கு ஒரு மாணவன் இருந்தான். ஆங்கிலப் பாடத்தைத் தடங்கலில்லாமல் வாசிப்பான். பள்ளியைப் பார்வையிட யார் வந்தாலும் அவனைத்தான் எழுப்பி வாசிக்கச் சொல்வேன். ஒருநாள் பை இல்லாமல் வந்திருந்தான். “வேர் இஸ் யுவர் பேக்?” என்று கேட்டேன். “எஸ் மிஸ்” என்றான். மறுபடியும் கேட்டேன். மறுபடியும் “எஸ் மிஸ்.” வகுப்பே சிரித்தது. அவன் தலை குனிந்தான். உண்மையில் தலை குனிய வேண்டியவள் நான்தான்.

வரிவரியாக வாசிப்பேன், தமிழில் பொருள் சொல்வேன், வினா விடையைக் கரும்பலகையில் எழுதிப்போடுவேன். பிள்ளைகள் பார்த்து எழுதி மனப்பாடம் செய்வார்கள். தேர்ச்சி விழுக்காடு நன்றாகவே இருந்தது. ஆனால் மொழி வரவில்லை. இதை யாரிடம் சொல்வது? மேலே சொன்னால் என் திறமைக் குறைவாகிவிடும். பயிற்சி வகுப்பில் அதற்கு நேரமிருக்காது. ஆசிரியர் அறையில் சொன்னால், “கீழ் வகுப்பில் ஒழுங்காகச் சொல்லித்தரவில்லை” என்ற ஒரே பதிலோடு பேச்சு முடிந்துவிடும். அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோழி ஒருவர் வற்புறுத்தி ஆங்கில ஆசிரியர்களின் சிறிய கூட்டம் ஒன்றுக்கு அழைத்துப்போனார். இருபது பேர் இருந்திருப்போம். பணி ஓய்வை நெருங்கிய ஆசிரியர் ஒருவர் எழுந்து, அந்த வாரம் தன் வகுப்பில் தான் தோற்றுப்போன ஒரு பாடத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். அவ்வளவு அனுபவம் உள்ளவரே சொல்கிறாரே என்று எனக்கும் துணிவு வந்தது. அந்த மாணவனைப் பற்றிச் சொன்னேன். உடனே ஓர் இடைநிலை ஆசிரியை சொன்னார்: “எங்களிடமும் இப்படித்தான் வாசிக்கிறார்கள். ஆறாம் வகுப்புக்குப் போனால் சரியாகிவிடும் என்று நாங்கள் நினைக்கிறோம். ஐந்தாம் வகுப்பிலேயே சரிசெய்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நடுவில் பிள்ளை நிற்கிறான்.” கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அன்று ஒருவர் எனக்கு ஒரு வழி சொன்னார். தாம்பரத்திலிருந்து கிண்டி வரை செல்லும் மின்சார ரயிலுக்கு நாமே ஒரு கால அட்டவணை எழுத வேண்டும். அதை இரண்டு தாள்களாக்கி, ஒன்றில் குரோம்பேட்டை, பல்லாவரம் நேரங்களையும், மற்றொன்றில் மீனம்பாக்கம், பரங்கிமலை நேரங்களையும் விட்டுவிட வேண்டும். இருவர் இருவராக உட்காரவைத்து, ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல், கேட்டுக் கேட்டு நிரப்பச் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் செய்துபார்த்தேன். முதல் நாள் ஒரே இரைச்சல். பாதிப் பேர் தமிழிலேயே பேசி முடித்துவிட்டார்கள். மூன்றாவது முறை அந்த மாணவன் பக்கத்துப் பையனிடம், “வாட் டைம் பல்லாவரம்?” என்று கேட்டான். இலக்கணம் சரியில்லைதான். ஆனால் விடை தெரிந்துகொள்வதற்காக அவன் ஆங்கிலத்தில் கேட்ட முதல் கேள்வி அது.

இந்தக் கால அட்டவணைப் பயிற்சிக்கு நம் மண்ணிலேயே ஒரு வரலாறு உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு, பெங்களூரு மண்டல ஆங்கில நிறுவனத்துடன் இணைந்து 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் ஒரு திட்டத்தை நடத்தினார். ரயில் அட்டவணை, வரைபடம், நாட்காட்டி போன்றவற்றை வைத்துப் பிள்ளைகளைச் சிந்திக்கவைத்தார்கள். அதன் வழியாக மொழி வரும் என்பது அவர்கள் எண்ணம். அத்திட்டத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1987இல் வெளிவந்தது. 1990இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் ஒன்று சொல்கிறார்: எல்லோருக்கும் பொருந்தும் சிறந்த முறை என்று ஒன்றைத் தேடுவதைவிட, ‘இப்படிச் செய்தால் பிள்ளைக்கு வரும்’ என்று ஆசிரியருக்குள் இருக்கும் நம்பிக்கை உயிரோடு இருக்கிறதா என்பதே முக்கியம். அது பிற ஆசிரியர்களின் நம்பிக்கைகளோடு உரசும்போதுதான் வளர்கிறது.

அதற்கும் முன்பு, 1950களின் இறுதியில், சென்னை மாநிலத்தில் ஆங்கிலம் தொடங்கிவைக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தரும் பெரிய முயற்சி நடந்தது. சிலருக்குப் பயிற்சி தந்து, அவர்கள் பலருக்குத் தந்து, அப்படியே பெருகிச் செல்லும் திட்டம் அது. உருள உருளப் பெரிதாவதால் ‘சென்னைப் பனிப்பந்து’ என்றே பெயர் பெற்றது. அத்தனை பேரைச் சென்றடைய அரசுக்கு வேறு வழியில்லை. இன்றைய பயிற்சிகளும் அதே அடுக்கு முறையில்தான் வருகின்றன, அவை தேவையும்கூட. ஆனால் அடுக்கடுக்காக இறங்கிவரும் பயிற்சியில், ‘என் வகுப்பில் இது நடக்கவில்லையே’ என்ற ஆசிரியரின் கேள்வி மேலே ஏறிச்செல்ல எளிதில் வழி கிடைப்பதில்லை. அந்த வழியைத் தருவதுதான் தொழில்சார் சங்கத்தின் வேலை.

அப்படிப்பட்ட சங்கம் ஒன்றின் தலைமையிடம் நம் சென்னையிலேயே இருக்கிறது. ‘எல்டாய்’ எனப்படும் இந்திய ஆங்கில மொழி ஆசிரியர் சங்கத்தைப் பத்மஸ்ரீ எஸ். நடராஜன் 1974இல் நிறுவினார். 2024இல் அதற்கு ஐம்பது ஆண்டு நிறைந்தது. பல மாநிலங்களில் கிளைகள், ஆண்டு மாநாடு, ஆங்கிலம் கற்பித்தலுக்கென ஓர் ஆய்விதழ் எல்லாம் அதற்கு உண்டு. அமெரிக்காவில் 1966இலும் இங்கிலாந்தில் 1967இலும் இத்தகைய ஆசிரியர் சங்கங்கள் தோன்றின. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஆசிரியர் கேட்பவராக மட்டும் இல்லாமல், சொல்பவராகவும் எழுதுபவராகவும் ஆக வேண்டும்.

நம்மில் பலர் இதில் சேரத் தயங்குவதற்கு நேரமின்மையைக் காரணமாகச் சொல்கிறோம். உண்மைக் காரணம் வேறு. பலர் முன்னால் ஆங்கிலத்தில் பேச ஆங்கில ஆசிரியர்களான நமக்கே கூச்சம். நானும் அப்படித்தான். அன்றைய கூட்டத்தில் பாதியைத் தமிழில்தான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் நினைத்துப்பார்த்தேன்: சிரிப்பார்களோ என்று பயந்து நான் வாயைத் திறக்காமல் இருந்தேன். அன்று வகுப்பே சிரித்தபோது அந்தப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும்?

எனவே என் வேண்டுகோள் சிறியது. இரண்டு மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, ஒரு மணி நேரம் இதேபோல் கூடுவோம். தொடக்கப் பள்ளி ஆசிரியரும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியரும் அருகருகே உட்காருவோம். ஒவ்வொரு முறையும் ஒருவர், நன்றாக நடக்காத ஒரு பாடத்தைப் பற்றிப் பேசட்டும். மற்றவர்கள் குறை கூறாமல், தாம் செய்துபார்த்ததை மட்டும் சொல்லட்டும். படம் எடுக்க வேண்டாம், அறிக்கை வேண்டாம். ஒரு பக்கக் குறிப்பு மட்டும் எழுதி வைப்போம். பிறகு பெரிய சங்கங்களின் கூட்டத்துக்குப் போகும்போது கையில் சொல்வதற்கு ஏதாவது இருக்கும்.

முதல் கூட்டத்தில் நானே பேசுகிறேன். என் வகுப்பில் தோற்றுப்போன பாடங்களுக்குப் பஞ்சமில்லை.