அண்ணன் வாங்காத சான்றிதழ்

(ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றின் நிறைவு நாளில், இளநிலை வேதியியல் இரண்டாம் ஆண்டு பயிலும் மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இத்தனை ஆசிரியர்களை ஒரே அறையில் பார்த்ததும், வீட்டுப்பாடம் முடிக்காமல் வந்துவிட்டது போல ஒரு பயம் வருகிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போன மாணவி என்பதால் என் வெற்றியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வெற்றி என்று சொல்ல இன்னும் ஒன்றும் ஆகவில்லை. முதலாமாண்டில் இயற்பியல் துணைப்பாடத்தில் ஒரு அரியர் வைத்து, இப்போதுதான் எழுதி முடித்தேன். அதனால் வெற்றியை விட்டுவிட்டு எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். அந்த வீட்டில், இந்த மேடைக்கு யாரும் கூப்பிடாத ஒருவனும் இருக்கிறான்.

எங்கள் ஊர் தூத்துக்குடிக்குப் பக்கம். ஊரைத் தாண்டினால் உப்பளம். அப்பாவும் அம்மாவும் அளத்துக் கூலிகள். தை, மாசியில் பாத்திகளைச் சரிசெய்து வேலை தொடங்கினால் புரட்டாசி வரை ஓடும். ஐப்பசியில் மழை விழுந்துவிட்டால் பாத்தியெல்லாம் தண்ணீர். மார்கழி கழியும் வரை அளத்துக் கூலி கிடையாது. இப்போது மழைக்கால நிவாரணமாக அரசு 5000 ரூபாய் தருகிறது. நான் சொல்லப்போகும் ஆண்டில் அது இல்லை.

உங்கள் பள்ளி நாட்காட்டியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரையாண்டுத் தேர்வு டிசம்பரில் வரும். எங்கள் தெருவில் அடகுக் கடைக்கு அதிகம் பேர் நடக்கும் மாதம் அதுதான். ஆண்டுத் தேர்வு மார்ச், ஏப்ரலில் வரும். அது அளத்தில் வேலை மும்முரமான நேரம். வெயில் ஏறுவதற்கு முன் உப்பை வாரிக் குவிக்க வேண்டும் என்பதால் விடிகாலை மூன்று மணிக்கே பெரியவர்கள் கிளம்பிவிடுவார்கள். தேர்வுக்குப் போகும் பிள்ளையை எழுப்பிவிட வீட்டில் ஆள் இருக்காது. எங்களுக்கு ஆச்சி இருந்தார். அவருக்கும் கண் மங்கல். இதை நான் பள்ளியில் படித்த காலத்தில் யாரிடமும் சொன்னதில்லை. எல்லார் வீடும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

என் அண்ணன் எனக்கு இரண்டு வயது மூத்தவன். கணக்கில் கெட்டிக்காரன். கடைக்குப் போனால் கடைக்காரர் கூட்டி முடிக்கும் முன் தொகையைச் சொல்லிவிடுவான். 2019 மழைக்காலத்தில் அவன் பத்தாம் வகுப்பு, நான் எட்டாம் வகுப்பு. உப்புத் தண்ணீரிலேயே நின்று அம்மாவுக்குக் காலில் வந்த புண் அந்த ஆண்டு ஆறவே இல்லை. வீட்டில் அரிசிக்கே கஷ்டம். அண்ணன் லாரியில் மூட்டை ஏற்றும் வேலைக்குப் போனான். அரையாண்டுத் தேர்வில் இரண்டு தாள் எழுதவில்லை.

காய்ச்சல் என்று விடுப்பு விண்ணப்பம் கொடுத்தான். அதில் அப்பாவின் கையெழுத்தைப் போட்டது நான்தான். வீட்டிலேயே என் கையெழுத்துதான் அழகு என்பதால் என்னிடம் தந்தான். நானும் பெருமையாகப் போட்டேன். அப்பா போடுவதைவிட நன்றாக இருந்தது. அதுவே சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை.

பொதுத்தேர்வில் சரிசெய்துவிடலாம் என்பதுதான் அண்ணனின் கணக்கு. தை பிறந்ததும் மூட்டை வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து படித்தான். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 2020 மார்ச்சில் ஊரடங்கு. ஜூன் மாதம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்து, எல்லாரும் தேர்ச்சி என்று அறிவிப்பு வந்தது. தெருவில் பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். எங்கள் வீட்டிலும் ஆச்சி சீனி வாங்கி எல்லார் வாயிலும் போட்டார். மதிப்பெண் எப்படி என்று பிறகுதான் தெரிந்தது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலிருந்து 80 விழுக்காடு, வருகைப் பதிவிலிருந்து 20 விழுக்காடு. இரண்டிலும் அண்ணன் மூட்டை தூக்கிய நாட்கள் இருந்தன.

அந்த முறையைக் குறை சொல்லவில்லை. அந்த நேரத்தில் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று எனக்கும் தெரியவில்லை. ஆனால் அண்ணன் மதிப்பெண்ணை வாங்கவே போகவில்லை. இந்த மதிப்பெண்ணுக்குக் கணக்குப் பிரிவு தரமாட்டார்கள் என்று அவனே முடிவு செய்துகொண்டான். போய்க் கேட்டுப் பார்க்கவும் இல்லை. எங்கள் ஊரில் இருப்பது உயர்நிலைப் பள்ளி. பதினொன்றாம் வகுப்புக்கு ஏழு கிலோமீட்டர் தள்ளிப் போக வேண்டும். பழைய பள்ளி, அவன் முடித்துவிட்டான் என்று நினைத்தது. புதிய பள்ளிக்கு இப்படி ஒருவன் இருப்பதே தெரியாது. எமிஸில் அவன் பெயர் ‘காமன் பூல்’ என்ற இடத்தில் கிடந்திருக்கும் என்று பிற்பாடு ஓர் ஆசிரியர் சொன்னார். உங்களில் சிலர் சிரிக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்த இடம்தான் போலிருக்கிறது.

அவனைப் படிக்காதே என்று வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. படி என்று சொல்லவும் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவன் உப்பு அரவை ஆலைக்கு வேலைக்குப் போனான், இன்றுவரை போகிறான்.

இனி என் கதை. பதினொன்றாம் வகுப்பில் கரைசல்கள் பாடம் நடந்தது. தெவிட்டிய கரைசல் என்றால் என்ன என்று வேதியியல் ஆசிரியை கேட்டார். நான் புத்தகத்தில் இருந்ததைச் சொல்லாமல், “24 டிகிரி வந்தா பாத்திக்கு விடலாம் டீச்சர்” என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. “அது என்ன டிகிரி? சொல்லு” என்றார். அளத்தில் ஒரு கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள், 24, 25 வந்தால் உப்பு விளையத் தொடங்கும், 29, 30 தாண்டினால் கைப்பு ஏறிவிடும், அந்தத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும் என்று சொன்னேன். மறுநாள் அவர் படித்துவிட்டு வந்தார். அது வெப்பநிலை டிகிரி இல்லை, அடர்த்தியைக் காட்டும் போமே அளவு, 18ஆம் நூற்றாண்டில் அந்துவான் போமே என்ற பிரெஞ்சு வேதியியலர் உண்டாக்கியது என்று வகுப்புக்கே சொன்னார். கைப்பு ஏன் வருகிறது என்றால் மெக்னீசியம் உப்புகளால் என்றார். எங்கள் அப்பா செய்கிற வேலைக்கு ஒரு புத்தகப் பெயர் இருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரியும். நான் வேதியியல் எடுத்ததற்கு அந்த ஒரு பாடவேளைதான் காரணம். பெரிய லட்சியம் என்று எதுவும் இல்லை.

அன்று எனக்குக் கைதட்டல் கிடைத்தது. அந்த டிகிரிக் கணக்கையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அண்ணன்தான். லீவு நாளில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது, வரப்பில் நின்று ஒவ்வொரு பாத்தியாகக் காட்டுவான். இதை நான் வகுப்பில் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அத்தை வந்தார். அத்தை மகனுக்கு என்னைக் கேட்டு வந்தார். நல்ல மனுஷர்கள்தான், கொடுமைக்காரர்கள் இல்லை. இரண்டு நாள் தங்கினார். அம்மாவுக்கு அரை மனம் வந்துவிட்டது. அப்பா பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வெளியே போய்விடுவார், அதுதான் அவர் பதில். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் விஷயத்தில் நான்தானே பேசியிருக்க வேண்டும்? பேசவில்லை. வாய் திறந்தது அண்ணன். “அவ படிக்கட்டும் அத்தை. காலேஜுக்குப் போனா மாசம் ஆயிரம் ரூவா கவர்மெண்டு அவ கணக்குல போடுது. பஸ்ஸுக்கும் காசு கிடையாது. உங்களுக்கோ எங்களுக்கோ என்ன செலவு?” என்றான். புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5ஆம் தேதி தொடங்கியபோது எங்கள் வகுப்பாசிரியர் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னதை, அம்மா மறந்துவிட்டாலும் அவன் நினைவில் வைத்திருந்தான். அத்தைக்குக் கோபம். ஒரு வருஷம் வீட்டுக்கு வரவில்லை. இப்போது வருகிறார்.

அடுத்த சண்டை அம்மாவுடன். நர்சிங் படித்தால் உடனே வேலை, வேதியியல் படித்து என்ன செய்யப்போகிறாய் என்றார். அந்தக் கேள்விக்கு இன்றும் என்னிடம் சரியான பதில் இல்லை. அம்மா சொன்னது தப்பு என்றும் நான் நினைக்கவில்லை. ஆனாலும் அந்தச் சண்டையை நானே போட்டேன். மூன்று நாள் பேச்சில்லை. நான்காம் நாள் அம்மாவே என் சான்றிதழ்களை நகல் எடுக்கப் பணம் தந்தார்.

முதல் பட்டதாரிச் சான்றுக்கு விண்ணப்பித்தோம். வீட்டில் ஒவ்வொருவரும் எதுவரை படித்தார்கள் என்று எழுத வேண்டும். ஆச்சி, படிக்கவில்லை. அப்பா, ஐந்து. அம்மா, மூன்று. அண்ணன் என்று எழுதிவிட்டு அதற்கு நேரே 10 என்று எழுதும்போது கை நின்றுவிட்டது. அவன் அங்கே நின்றதால்தான் எனக்கு இந்தச் சான்று என்பது போல இருந்தது. கணக்குப்படி அது சரியில்லை என்று தெரியும். அவன் படித்திருந்தால் நானும் படித்திருப்பேன், வேறு ஏதோ வழியில். ஆனால் மனசு அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை.

நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு ஆகஸ்டில் ஆண்பிள்ளைகளுக்கும் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1000 ரூபாய்த் திட்டம் வந்தது. ஓடிப்போய் அண்ணனிடம் சொன்னேன். “ஏட்டி, அது படிக்கிற பயலுவளுக்கு” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான்.

உங்களிடம் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது. டிசம்பரில் காய்ச்சல் என்று விடுப்பு எழுதிக்கொண்டு வருகிற பையனின் கையெழுத்துத் தாளை இன்னொரு முறை பாருங்கள். எட்டாம் வகுப்புத் தங்கை போட்ட கையெழுத்தாக இருக்கலாம். திட்ட வேண்டாம். எந்த லாரியில் ஏறப் போகிறான் என்று மட்டும் கேட்டுவிடுங்கள். எங்களை அன்று ஒருவர் கேட்டிருந்தால், பயத்தில் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன்.

போன மாதம் எங்கள் பழைய பள்ளிக்குப் போனேன். அண்ணன் ஐடிஐயில் சேர வேண்டும் என்று நான் அரித்துக்கொண்டே இருக்கிறேன். மின்பணியாளர் படிப்பு என்றால் யோசிக்கலாம் என்கிற அளவுக்கு வந்திருக்கிறான். அதற்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும். தலைமையாசிரியர் புதியவர். பீரோவைத் திறந்து ஒரு கட்டை எடுத்தார். யாரும் வந்து வாங்காத சான்றிதழ்கள். நூலைப் பிரித்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். அண்ணனுடையதும் இருந்தது, பதினாறு வயது முகத்தோடு. கணக்கில் அவ்வளவு மோசமும் இல்லை.

நான் கை நீட்டினேன். தரமுடியாது, அவனே வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். இந்தத் தடவை என் கையெழுத்து செல்லாது. அண்ணனுக்கு ஆலையில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் லீவு, அன்றைக்குப் பள்ளி இருக்காதே என்று சொன்னேன். அவர் நாட்காட்டியைப் பார்த்தார். “அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் வந்து திறந்து வைக்கிறேன். கூட்டிக்கிட்டு வா” என்றார்.

அந்த ஞாயிறு நாளை மறுநாள். அண்ணனுக்கு இன்னும் சொல்லவில்லை. இன்று ராத்திரி போய்ச் சொல்ல வேண்டும்.