ஒரே வீடு, ரெண்டு நுரையீரல்

இன்னிக்கு கோடிங் இல்ல, கொஞ்சம் வீட்டுக் கதை.

2021 மே மாசம். எங்க அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே வாரத்துல கொரோனா. அப்பாவுக்கு 61 வயசு, சர்க்கரை வேற. அஞ்சு நாள் காய்ச்சல் அடிச்சுது, ஆறாவது நாள் எழுந்து ரசம் சாதம் கேட்டார். சித்தப்பாவுக்கு 52 தான். தினமும் பீச்சுல நடக்கிற ஆள். வென்டிலேட்டர்ல வெச்சாங்க, திரும்பி வரல. "ஏன் அவருக்கு மட்டும்?"னு சித்தி இன்னமும் கேக்குறாங்க.

அந்தக் கேள்விதான் என்னை ஜெனடிக்ஸ் பக்கம் தள்ளுச்சு. 2020-ல இத்தாலி, ஸ்பெயின் நோயாளிகளோட டிஎன்ஏவை ஆராய்ஞ்சப்போ, மூணாவது குரோமோசோம்ல ஒரு துண்டு சிக்குச்சு. அது இருந்தா நுரையீரல் செயலிழக்கிற அபாயம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு. அது நியாண்டர்தால் மனிதர்கள்கிட்ட இருந்து வந்த துண்டுன்னு அதே வருஷம் ஹ்யூகோ ஸீபெர்க், ஸ்வாந்தே பேபோ ரெண்டு பேரும் காட்டினாங்க. ஐரோப்பால சுமார் 16 சதவீதம் பேர்கிட்ட இருக்கு. தெற்காசியால பாதிப் பேர்கிட்ட. ஆமா, நம்மளத்தான் சொல்றேன்.

அது எப்படி வேலை செய்யுது? 2021-ல ஆக்ஸ்ஃபோர்டு குழு ஒண்ணு மெஷின் லேர்னிங் வெச்சுத் தேடி (நம்ம ஏரியா!) எல்இசட்டிஎஃப்எல்1ங்கிற ஜீனைக் கை காட்டுச்சு. புரோட்டீனோட கோடு சரியாத்தான் இருக்கு, கான்ஃபிக் ஃபைல்ல ஒரு எழுத்து மாறின மாதிரி. அதனால அந்த ஜீன் கூடுதலா வேலை செய்யுது. வைரஸ் வந்ததும் நுரையீரலோட உள்சுவர் செல்கள் தங்களை மாத்திக்கிட்டு தற்காத்துக்கணும். அது இங்க சுணங்குதுங்கிறதுதான் அவங்க விளக்கம்.

ஆனா ஹைதராபாத் சிசிஎம்பி விஞ்ஞானிகளும் சேர்ந்து செஞ்ச இன்னொரு ஆய்வு, தெற்காசிய மக்கள்கிட்ட இந்தத் துண்டுக்கும் கொரோனா பாதிப்புக்கும் தொடர்பு தெரியலன்னு சொல்லுது. வயசு, சர்க்கரை, உடம்புக்குள்ள போன வைரஸோட அளவு, ஆக்ஸிஜன் கிடைச்ச நேரம், எல்லாம் சேர்ந்துதான் ஒருத்தரோட கதை.

நான் சும்மா இருப்பேனா? ஒரு கிட் வாங்கி அப்பாவோட எச்சிலை அனுப்பினேன். வந்த ஃபைலைத் திறந்து தேடினா, அப்பாகிட்ட ஒரு பிரதி இருக்கு. ரசம் சாதம் கேட்ட அதே அப்பாகிட்ட!

சித்தப்பாகிட்ட இருந்துச்சா? கூடப் பொறந்தவங்கதான், ஆனா எல்லாத் துண்டும் ஒரே மாதிரி வராது. "எனக்கும் ஒரு கிட் வாங்கிக் குடுண்ணா"ன்னு தங்கச்சி கேட்டா, சித்தப்பா பொண்ணு. அவகிட்ட ஒரு பிரதி இருந்தாலும் அது அப்பா வழியா அம்மா வழியான்னு தெரியணும்னா, சித்தியும் எச்சில் குடுக்கணும். கிட் ரெண்டு வாங்கி வெச்சுட்டேன். சித்திகிட்ட எப்படிக் கேக்குறதுன்னுதான் தெரியல.