சுண்ணாம்புக்கு அடியில் இருந்த சித்திரம்



இன்று நான் ஒரு சுவரைப் பற்றிப் பேச விழைகிறேன். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்செல்ஸ் நகரத்தில் ஓல்வேரா தெரு என்றொரு பழந்தெரு உண்டு. அங்குள்ள ஒரு மண்டபத்தின் மாடிப் புறச்சுவர் அது. ஏறக்குறைய 80 அடி நீளம், 18 அடி உயரம். வெப்ப மண்டல அமெரிக்காவை அதில் தீட்டித் தருமாறு, 1932இல் மெக்ஸிகோ ஓவியர் டேவிட் அல்ஃபாரோ சிகேரோஸிடம் கேட்டுக்கொண்டனர். காடும் கனியும் கிளியுமாகக் கண்ணுக்கினிய காட்சி வரும் என்றே கேட்டவர்கள் எண்ணியிருந்தனர்.

சிகேரோஸ் தூரிகையோடு நில்லாது, வண்ணம் பீச்சும் கருவியையும் கையாண்டார். இன்றைய தெருவோவியர்களின் கையிலுள்ள பீச்சுக்குப்பிக்கு அதனை மூத்த உறவு எனலாம். நடுவிடத்தை மட்டும் இறுதிவரை வெறுமையாக விட்டுவைத்தார். திறப்பு விழாவிற்கு முந்திய இரவு, உதவியாளர்களை அனுப்பிவிட்டுத் தனியே நின்று எழுதினார். அக்டோபர் 9ஆம் நாள் கூடியிருந்தோர் கண்டது என்ன? சிலுவையில் கட்டுண்ட பழங்குடி உழவன். அவன் தலைக்கு மேலே அமெரிக்கக் கழுகு!

வேலையின்மை மலிந்திருந்த காலம் அது. பிழைக்க வந்த மெக்ஸிகோத் தொழிலாளர் குடும்பம் குடும்பமாக இரயிலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டு வந்தனர். அந்நகரத்துச் சுவரில் அப்படம்!

கேட்டது ஒன்று, எழுதியது வேறொன்று. இது முறையா என்று நீங்கள் வினவலாம். மேலிடத்துச் சொற்படி கணக்கெழுதி மாதச் சம்பளம் பெறும் எனக்கும் அவ்வினா எழாமல் இல்லை. ஆயினும், கொடுத்த தலைப்பை அவர் மீறினார் என்று என்னால் கூற இயலவில்லை. அந்நிலத்தில் விளைவதைக் காட்டாமல், விளைவிப்பவனைக் காட்டினார், அவ்வளவே.

சில மாதங்களில், தெருவிலிருந்து தெரியும் பகுதிக்கு வெள்ளை பூசினர். பின்னர்ச் சுவர் முழுமைக்கும் பூசினர். அந்நாட்டில் தங்க ஓவியருக்கு இருந்த அனுமதியும் புதுப்பிக்கப்படவில்லை. பெரிய அதிகாரி வருமுன் நிலையச் சுவர்களுக்கு அவசர அவசரமாக வெள்ளையடிப்பதைக் கண்ட நமக்கு இவ்வைத்தியம் புதிதன்று. ஆனால் வெயிலும் மழையும் எவர் உத்தரவுக்கும் காத்திருப்பதில்லை. 1960களின் இறுதியில் பூச்சு உதிரத் தொடங்கிற்று. உருவங்கள் மங்கலாக எட்டிப் பார்த்தன. 1974இல் சிகேரோஸ் மறைந்தார்.

2012 அக்டோபர் 9ஆம் நாள், சரியாக 80 ஆண்டுகள் கழித்து, அச்சித்திரத்தை மக்கள் பார்வைக்கு மீண்டும் திறந்து வைத்தனர். செப்பனிட்டவர்கள் புது வண்ணம் ஏற்றாமல், எஞ்சியதை மட்டும் காத்தனர். அதுவே நேர்மை என்பது என் எண்ணம். பழைய வண்ணம் பெரும்பாலும் வெளிறிப் போயிற்று. உழவன் இருக்கிறான், கழுகும் இருக்கிறது.