மீன் தொட்டியும் விழுந்துகொண்டே இருக்கும் டிரிப்பரும்

சங்கரன்கோவிலில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹாலில் மீன் தொட்டி. ஸ்விட்சைப் போட்டால் வீடு முழுக்கக் கரண்ட் போகிறது, போர்டில் ஆர்.சி.சி.பி. என்ற டிரிப்பர் விழுந்து கிடக்கிறது. தூக்கிவிட்டால் நிற்கிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி விழுகிறது. “டிரிப்பர் சரியில்லை, கழற்றிட்டு டைரக்டா கொடுத்துருவோம்” என்று யாராவது சொல்வார்கள். அதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமா என்றுதான் அந்தக் கருவி பார்க்கிறது. வீட்டுக்கு மாட்டுவது 30 மில்லி ஆம்பியர். அது விழுந்தால் பெரும்பாலும் எங்கோ கசிகிறது. எம்.சி.பி.க்கு இந்தக் கசிவு தெரியாது. ஓவர்லோடும் ஷார்ட்டும்தான் அதன் வேலை.

முதல் சந்தேகம் ஹீட்டர் மேல். ஆஃப் செய்யாமல் தண்ணீர் மாற்றினால், காய்ந்து சூடேறிய கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் பட்டு மயிரிழையாக விரிசல் விடும். தெர்மோஸ்டாட் ஓடவிடும் நேரத்தில் மட்டும் டிரிப் ஆவது இதனால்தான். நம்ம ஊர் வெயிலுக்கு வருஷத்தில் பெரும்பாலான நாள் ஹீட்டரே தேவையில்லை என்பது வேறு விஷயம்.

அடுத்து ஏர் பம்ப். தொட்டிக்குக் கீழே வைத்திருப்பீர்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்டை நிறுத்தும்போது காற்று நின்றுவிடும்; தொட்டித் தண்ணீர் டியூப் வழியே இறங்கிப் பம்புக்குள் போய்விடும். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். வயரும் பிளக்குக்குக் கீழே தொங்கி மேலேறட்டும். வழிகிற துளி கீழேயே சொட்டிவிடும்.

ஆளைக் கண்டுபிடிக்க எல்லாப் பிளக்கையும் உருவுங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாது. அது ஃபேஸை மட்டுமே துண்டிக்கும், நியூட்ரல் அப்படியே இருக்கும். பிறகு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதையும் செருகாதபோதே விழுந்தால் கோளாறு வீட்டு வயரிங்கில், எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். தனித்தனியே நின்று, சேர்ந்தால் விழுகிறதா? ஒன்று, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் சிறு கசிவுகளும் கூடியிருக்கலாம். அல்லது ஹீட்டரில் கசிவது, எர்த் உள்ள ஃபில்டர் வழியே இப்போதுதான் இறங்குகிறது. ஃபில்டர்மேல் பழி போடாதீர்கள்.

இரண்டு பின் சாதனம்தான் மோசம். கசிந்தாலும் எர்த் இல்லாததால் டிரிப்பர் விழாது. ஈரத் தரையில் நின்று தொட்டிக்குள் கைவிடும் ஆள்தான் அதற்கு எர்த். டிரிப்பர் அப்போதுதான் விழும். டைரக்டாகக் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை.

ஆகவே கைவிடுமுன் பிளக்குகளை உருவிவிடுங்கள். டிரிப்பரில் ‘டி’ என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அமுக்குங்கள். விழாவிட்டால் அன்றைக்கே புதிதாக மாற்றுங்கள்.