முதுகில் எழுதிய பெயர்



கையறுநிலை தமிழ்க் கவிதையின் பழந்துறைகளுள் ஒன்று. இறந்தோரை எண்ணிச் செயலற்று நின்று பாடுவது அது. அவ்வாறு நின்றுவிடாமல், இறந்தோர் பெயரைச் சுமந்து ஓடத் தொடங்கிய ஒரு கூட்டத்தின் வரலாறு அமெரிக்க நாட்டில் உண்டு.

இல்லினாய் மாநிலத்துப் பியோரியா நகரில் பிறந்தவர் சூசன் கோமன். மார்பகப் புற்றுநோயுடன் மூன்றாண்டுகள் போராடி, 1980-ஆம் ஆண்டில் தம் 36-ஆம் வயதில் மறைந்தார். இந்நோயை ஒழிக்கப் பாடுபடுவதாகத் தமக்கைக்கு வாக்களித்திருந்த தங்கை நான்சி பிரிங்கர், 1982-இல் டாலஸ் நகரில் தமக்கையின் பெயரால் அறக்கட்டளை ஒன்றை நிறுவினார். மறு ஆண்டு நடந்த முதல் ஓட்டத்தில் ஏறத்தாழ 800 பேர் கலந்துகொண்டனர். பிற்காலத்தில் அவ்வோட்டம் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களுக்குப் பரவியது.

அந்த 800 பேரின் துணிவை உணர, அதற்கு முந்தைய மௌனத்தை அறிதல் வேண்டும். 1950-களில், இந்நோயுற்ற பெண்களின் துணைக்குழு ஒன்றுக்கு விளம்பரம் தர முயன்ற பெண்மணியிடம், 'மார்பகம்', 'புற்றுநோய்' ஆகிய இரு சொற்களையும் அச்சிட இயலாது என்று நாளிதழ் ஒன்று மறுத்ததாகப் புற்றுநோய் வரலாறு கூறும். 1974-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் துணைவியார் பெட்டி ஃபோர்டு, தமக்கு நடந்த மார்பக அறுவையை மறைக்காது உலகறியச் செய்தார். அதன்பின் பெண்கள் பெருந்திரளாகச் சோதனைக்குச் சென்றனர். ஒரு சொல் வெளிப்பட்டதால் உயிர்கள் பிழைத்தன.

ஆட்ரி லார்ட் என்னும் கறுப்பினப் பெண் கவிஞர், 1980-இல் வெளியிட்ட தம் புற்றுநோய்க் குறிப்பு நூலில், இழந்த மார்பைச் செயற்கை மார்பால் மறைக்க மறுத்தார். மறைத்துக்கொண்டால் துயருற்ற பெண்கள் ஒருவரையொருவர் எங்ஙனம் அடையாளம் காண்பர் என்பது அவர் கேள்வி. 1990-இல் இவ்வோட்டத்தில் நோயினின்று மீண்ட பெண்கள் இளஞ்சிவப்பு வெயில்மறைப்பு அணிந்து ஓடினர். கேள்விக்குத் தெருவிலேயே ஒரு விடை கிடைத்தது.

ஓடுவோர் முதுகில் ஒரு தாள் குத்தப்பட்டிருக்கும். 'இன்னாரின் நினைவாக' என்பது அதன் வாசகம். கீழே தாயின் பெயரோ, தமக்கையின் பெயரோ இருக்கும். நடுகல்லில் பெயர் பொறித்த மரபினர்க்கு இதன் பொருள் விளங்கும். இது நடமாடும் நடுகல்.

ஓட்டம் நோயைத் தீர்ப்பதில்லை. ஆராய்ச்சிக்கும் சோதனைக்கும் பொருள் சேர்க்கிறது. இளஞ்சிவப்பு நிறம் கடைச்சரக்குக்கு விளம்பரமாயிற்று என்னும் குறையும் எழுந்தது, அக்குறை நியாயமானதே. ஆயினும் தெருவில் உரக்க ஒலித்த சொல்லை வணிகம் விழுங்கிவிட முடியவில்லை.

கண்ணகி தன் இடமுலையைத் திருகி எறிந்ததை இளங்கோவடிகள் தயங்காது பாடினார். அவர் கூசாத சொல்லை இன்றைய தமிழ்ப் பெண் மருத்துவரிடமும் சொல்லக் கூசுகிறாள். தொடக்கத்தில் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. நாணமும் வலியின்மையும் சேர்ந்து அவளைக் காலந்தாழ்த்தச் செய்கின்றன. அந்தச் சொல்லின் மீது படிந்த கூச்சத்தைத் துடைத்து அவளிடம் திருப்பித் தருதல் கவிஞர் கடன். இலக்கிய வட்டத்தின் அடுத்த பத்தாண்டில் அத்தகைய கவிதை ஒன்றேனும் இங்கு அரங்கேறட்டும்.