லொறிச் சில்லும் ரயர்த் தேய்வும்



தம்புள்ளையிலே இரவு மரக்கறி ஏற்றிக்கொண்டு வடக்கு நோக்கிப் புறப்படும் லொறிச் சாரதி, புறப்படுமுன் ரயர்களைக் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். காற்று இருக்கின்றதா என அறிய அவர் கையாளும் முறை அது. ஆனால், குனிந்து ரயரின் முகத்தைப் பார்ப்பவர் சிலரே. வண்டியின் நோய்கள் பல அந்த முகத்திலேதான் எழுதப்பட்டிருக்கின்றன. அவ்வெழுத்தைப் படிக்கத் தெரியாதவர், தேய்ந்த ரயரைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டுவார். நோயோ வண்டியிலேயே இருக்கும். புதிய ரயரும் பழையது போன வழியே போகும். 2022ஆம் ஆண்டில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்து இறக்குமதிப் பொருள்களின் விலை ஏறியபோது, இந்த அறியாமையின் விலையும் கூடவே ஏறிற்று. கடன் தவணை கட்டிக்கொண்டு லொறி ஓட்டும் ஒருவருக்கு ஒரு சோடி முன்ரயர் என்பது சிறிய காரியமன்று.

மாட்டுவண்டிக்காரருக்கு இத்தொல்லை இருக்கவில்லை. சில்லு இரண்டு, அச்சு ஒன்று. மாடு திரும்பினால் அச்சும் முழுவதாகத் திரும்பும். நாலு சில்லு வண்டியிலேதான் சிக்கல் பிறந்தது. வளைவிலே உட்புறச் சில்லு சிறிய வட்டத்திலும் வெளிப்புறச் சில்லு பெரிய வட்டத்திலும் செல்லவேண்டியிருப்பதால், உட்புறச் சில்லு சற்றுக் கூடுதலாகத் திரும்புதல் வேண்டும். மியூனிக் நகரத்து வண்டித் தொழிலாளர் லாங்கென்ஸ்பெர்கர் இதற்கு வழி கண்டார். அவர் சார்பில் 1818இல் பிரித்தானியாவில் காப்புரிமை பெற்ற அக்கர்மனின் பெயரே அம்முறைக்கு நிலைத்துவிட்டது. கண்டவர் ஒருவர், பெயர் கொண்டவர் இன்னொருவர். உலகத்தில் இது புதிதன்று.

வளைவைக் காட்டிலும் நேர்வீதியிலேதான் ரயர் பெரிதும் களவு போகின்றது. லொறிச் சில்லின் விட்டம் ஏறக்குறைய ஒரு மீற்றர் எனக் கொள்வோம். அதன் முன்விளிம்பு, பின்விளிம்பைவிட ஒரேயொரு மில்லிமீற்றர் பக்கவாட்டில் விலகி நிற்கின்றது. கண்ணுக்குப் புலப்படாத கோணல். ஆயினும் சில்லு ஒரு கிலோமீற்றர் உருளும்போது, ஒரு மீற்றர் தூரம் பக்கவாட்டில் உரசி இழுபடுகின்றது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரையும் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். அப்படியாயின் அந்த ரயர் பாரத்தைச் சுமந்துகொண்டே முந்நூறு மீற்றருக்கு மேல் தாரிலே தேய்க்கப்படுகின்றது. ஒரு நடையின் கணக்கே இது.

இதனை உள்ளங்கை அறியும். ரயரின் முகத்திலே கையைக் குறுக்காக ஓட்டிப் பார்த்தால், ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் மீன்செதிலை எதிர்த்துத் தடவுவதுபோலச் சுரசுரப்பாகவும் இருக்கும். அக்கூர்விளிம்புகள் உட்புறம் நோக்கியிருப்பின் சில்லுகளின் முன்புறம் அளவுக்கு மேல் உள்வாங்கி நிற்கின்றது. வெளிப்புறம் நோக்கியிருப்பின் விரிந்து நிற்கின்றது. இரு ஓரங்களும் ஒருங்கே தேய்ந்தால் காற்றுக் குறைவு; நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று மிகுதி. ஆங்காங்கே குழிகுழியாகத் தேய்ந்தால், அதிர்வுதாங்கியையோ சில்லின் சமநிலையையோ சந்தேகிக்க வேண்டும்.

இனி, பலரை ஏமாற்றும் நோய் ஒன்றுண்டு. ஒரு முன்ரயரின் வெளியோரமும் மற்றதன் உள்ளோரமும் தேய்கின்றன. முன்பக்கத்தைத் திருத்துகிறார்கள், தேய்வு நிற்பதில்லை. குற்றவாளி அங்கே இல்லை, பின்னால் இருக்கின்றான். பின்னச்சைப் பிடித்திருக்கும் வில்லுத்தகடுகளின் நடுவாணி முறிந்தோ, அவற்றை இறுக்கும் போல்ட் தளர்ந்தோ அச்சு ஒருபுறம் நகர்ந்துவிட்டது. கோணலான பின்னச்சு வண்டியை ஓயாது ஒரு பக்கம் தள்ளுகின்றது. வீதியிலே நேராகச் செல்லவேண்டிய சாரதி, தம்மையறியாமலே சுக்கானை மறுபக்கம் பிடித்துக்கொள்கிறார். அவருடைய தோள் நோவும் முன்ரயரின் தேய்வும் ஒரே இடத்திலிருந்து வருபவை. ஈரமணலிலே வண்டியை நேராக ஓட்டிச்சென்று தடத்தைப் பார்த்தால், பின்சில்லின் தடம் முன்சில்லின் தடத்தைவிட்டு ஒருபுறம் விலகியிருப்பது தெரியும். இரண்டு பின்னச்சுகள் உள்ள பெரிய லொறியிலே அளவுநாடா போதும்: இடப்பக்கத்து இரு சில்லுகளின் மையங்களுக்கிடையேயுள்ள தூரமும் வலப்பக்கத்துத் தூரமும் ஒத்திருத்தல் வேண்டும்.

பின்னால் சோடியாகப் பூட்டும் ரயர்களிலும் கவனம் தேவை. புதியதொன்றையும் தேய்ந்ததொன்றையும் அருகருகே பூட்டுவது சிக்கனம்போலத் தோன்றும். பெரியது கூடுதலான பாரத்தைத் தாங்கிச் சூடேறும். சிறியது ஈடுகொடுக்க முடியாமல் உரசித் தேயும். ஒன்றைக் காப்பாற்றப்போய் இரண்டையும் இழப்பார்கள்.

சில்லு நேர்பார்க்கும் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுசெல்லுமுன் செய்யவேண்டியதும் ஒன்றுண்டு. முன்சில்லைத் தூக்கி நிறுத்தி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கவேண்டும். கிங்பின்னோ பெயரிங்கோ தேய்ந்து ஆட்டங்கண்டிருந்தால், அதனை மாற்றாமல் எடுக்கும் அளவு, ஆடும் தராசிலே நிறுத்த நிறையாகும். கணினி இயந்திரமாயினும் நூல்பிடிக்கும் பழைய பாசாயினும் இதற்கு விலக்கில்லை. நூல்பிடிக்கும் தொழிலாளர் வண்டியைச் சற்று முன்னே உருட்டி நிறுத்திவிட்டே அளப்பார். தூக்கி இறக்கிய சில்லு தன் இயல்பான நிலைக்கு வருவதற்கு அந்த உருட்டல் அவசியம். திருத்தம் முடிந்து ஒரு நடை போய்வந்ததும், ரயரின் முகத்திலே மறுபடியும் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.